ஒயின் வாங்கப் போகிறீர்களா? பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிக்கான குறிப்புகள்

1. கேரளத்தில் 23 வயது நிரம்பியவர்களுக்குத்தான் மது விற்பார்கள். மாதத்தின் முதல் தேதி பெவ்கோ கடை திறக்காது. அன்று வீட்டில் விருந்து என்றால் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். ஒருவர் கையில் 3.5 லிட்டர் ஒயின் வரை இருக்கலாம், அதாவது 750 மில்லி பாட்டில் நான்கு. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். வேலந்தாவளம், வாளையார், போடிமெட்டு, குமுளி எந்தச் சாவடியானாலும் பாட்டிலோடு தமிழ்நாட்டுக்குள் போக வேண்டாம். அந்தப் பக்கம் அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

2. விலையைப் பார்க்கும் முன் லேபிளில் ஆண்டைப் பாருங்கள். பழசானால்தான் ருசி என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. நாசிக் பக்கம் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடக்கும். அங்கிருந்து வரும் அன்றாட வெள்ளை ஒயினை இரண்டு ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும். சிவப்பு இன்னும் ஓரிரு ஆண்டு தாங்கும். தள்ளுபடி என்று நாலைந்து வருடப் பழைய வெள்ளையை நீட்டினால் வாங்காதீர்கள்.

3. நம் ஊரில் ஒயினுக்கு முதல் எதிரி வெயில். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. வெந்துபோன ஒயினில் பழ வாசனை போய், காய்ச்சிய ஜாம் வாடை அடிக்கும். பாட்டிலைக் கையில் வாங்கியதும் கழுத்தைப் பாருங்கள். கார்க் லேசாக மேலே தள்ளியிருந்தாலோ, ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருந்தாலோ அது சூடுபட்டது. வேறு பாட்டில் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். கண்ணாடி ஜன்னலோரம் வெயில்படும்படி அடுக்கியதையும் விட்டுவிடுங்கள். திருகு மூடி மட்டம் என்று ஒதுக்க வேண்டாம், தினசரி ஒயினுக்கு அதுவே நல்லது. வாங்கியதைக் கார் டிக்கியில் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். மூணாறு, தேவிகுளம் வீடுகளில் கட்டிலுக்கடியில் வைத்தாலே போதும். சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் ஃபிரிட்ஜ்தான்.

4. புதிதாகத் தொடங்குபவர்கள் 'டிரை' என்று போட்டதை வாங்கிவிட்டு, கசக்கிறது, புளிக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் இனிப்பு அநேகமாக இருக்காது. செனின் பிளாங்க் வகையில் இளம் இனிப்பாகக் கிடைப்பதில் தொடங்குங்கள். நம் நாட்டில் 'போர்ட்' என்று விற்கும் மலிவுச் சிவப்பு நல்ல இனிப்பு. அதை வைத்து எல்லாச் சிவப்பும் இப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

5. 'சிவப்பை அறை வெப்பத்தில் குடி' என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. 16, 18 டிகிரி. நம் அறை 33. அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தே ஊற்றுங்கள்.

6. சாப்பாடுதான் சுவாரசியமான இடம். மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பான சிவப்பு ஒயினைச் சேர்த்தால் நாக்கு எரியும். புளி ஊற்றிய மீன் குழம்புக்குச் சில்லென்ற, இளம் இனிப்புள்ள வெள்ளை வையுங்கள். தேங்காய்ப்பால் கறிக்கும் அதுவே. வறுத்த மீனுக்கு சாவின்யான் பிளாங்க். மிளகுக்காரம் வேறு கதை. ஷிராஸ் திராட்சையில் மிளகு வாசனை வருவதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் கண்டறிந்தார்கள். நம் கருமிளகிலும் அதே பொருள்தான் இருக்கிறது. இடுக்கி மிளகைப் புதிதாக இடித்துப் போட்ட மாட்டுக்கறி வறுவலோடு ஒரு ஷிராஸைக் குடித்துப் பாருங்கள். தோட்டக்காரர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை.

7. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அதை வாங்கிப் பரணியில் ஊறப் போடும் வழக்கம் இருக்கிறது. ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் வடித்தால் அப்காரி சட்டப்படி வழக்கு வரும் என்று 2019-ல் கலால் துறை எச்சரித்தது. உள்ளூர்ப் பழ ஒயினில் ஆசை உள்ளவர்கள் கேரள வேளாண் பல்கலைக்கழகம் முந்திரிப்பழம், அன்னாசி, வாழைப்பழத்தில் உருவாக்கிய 'நிளா' கடையில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

8. ஒரு கிளாஸ் என்பது 150 மில்லி. ஒரு பாட்டிலில் ஐந்து வரும். குடித்தபின் போடிமெட்டு வளைவுகளில் வண்டியைத் தொடக்கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வழக்கு.

9. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு கறி ஊறவைக்க உதவும், கீழே கொட்ட வேண்டாம்.