கல்லூரிகளில் உயிர்காக்கும் ஏற்பாடு

வைக்கோற்போரில் தீப்பற்றிய பின் கிணறு வெட்டத் தொடங்குவதில் பயனில்லை. நீரும் குடமும் ஆளும் அருகில் இருந்தால்தான் போரைக் காக்க இயலும். உயிருக்கு நேரும் அபாயங்களும் இத்தன்மையனவே. மருந்து உலகில் எங்கோ இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், கையாளத் தெரிந்தவரிடம் இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகள் பல இளம் உயிர்களைப் பறிகொடுத்த பின்னர் உணர்ந்துள்ளன. அவை செய்துவரும் ஏற்பாடுகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அபாயத்தின் தன்மை

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி என்பதை நாம் அறிவோம். அதிலிருந்து எடுக்கப்படும் மார்பின், கடும் வலியைத் தணிக்க மருத்துவர் கையாளும் அரிய மருந்தாகும். மார்பினைப் போன்று வேலை செய்யும் பொருள்கள் ஆய்வுக் கூடங்களிலும் உண்டாக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான பென்டனில், மார்பினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வன்மையுடையது. சில உப்புப் பரல்களின் அளவே ஆகும் 2 மில்லிகிராம் கூட, பழக்கமில்லாத ஒருவரின் உயிரைப் போக்கக் கூடும்.

இவ்வினப் பொருள்கள் அளவு மீறும்போது, மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை மந்தமாக்கி விடுகின்றன. உட்கொண்டவர் உறங்குபவர் போலவே கிடப்பார். ஆனால் தட்டினாலும் எழ மாட்டார். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாயும். தொண்டையில் குறட்டை போன்ற ஒலி எழும். பின் மூச்சு நின்றுவிடும். மூச்சு நின்ற சில நிமிஷங்களிலேயே மூளை கெடத் தொடங்கும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் போதைப் பொருள்கள் அளவு மீறியதால் அமெரிக்காவில் இறந்தோர் தொகை 1,07,000க்கு மேற்பட்டது. அவர்களில் நால்வருக்கு மூவர் அபினி இனப் பொருள்களால் மாண்டவர்கள். 2024இல் இத்தொகை கணிசமாகக் குறைந்தது எனினும், அபாயம் நீங்கிவிடவில்லை.

இவ்வாறு இறப்பவர் அனைவரும் போதைக்கு அடிமையானவர் என எண்ணுதல் தவறு. தேர்வுக்காகக் கண்விழிக்க எண்ணியோ, மனக்கலக்கம் தணிய வேண்டியோ, மாணாக்கர் ஒருவர் தம் நண்பரிடம் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறார். அது மருந்துக் கடை மாத்திரை போலவே தோன்றும். உள்ளே பென்டனில் கலந்த போலி என்பதை அவரும் அறியார், கொடுத்தவரும் அறியார்.

மாற்று மருந்து

இதற்கு நலாக்சோன் என்னும் மாற்று மருந்து உண்டு. 1971லேயே அமெரிக்க அரசு இதனை அங்கீகரித்தது. பூட்டில் சிக்கிய வேற்றுச் சாவியைத் தள்ளிவிட்டுத் தான் அவ்விடத்தில் அமர்வது போல, மூளையில் பற்றியுள்ள நஞ்சை இம்மருந்து அகற்றுகிறது. இரண்டு மூன்று நிமிஷங்களில் மூச்சு திரும்பக் கூடும். அபினி இனப் பொருளை உட்கொள்ளாத ஒருவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் தீங்கு நேராது.

நெடுங்காலம் இது ஊசி மருந்தாக மருத்துவர் கையிலேயே இருந்தது. 1996இல் சிகாகோ நகரத் தொண்டர்கள் சிலர், போதைப் பழக்கம் உடையவர்களிடமே இதைக் கொடுத்துப் பயிற்சியும் அளிக்கத் தொடங்கினர். 2015இல், மூக்கில் பீச்சும் வகை ஒன்று அங்கீகரிக்கப்பட்டது. 2023 முதல் அதை மருத்துவர் சீட்டின்றியே கடையில் வாங்கலாம்.

மூன்று ஏற்பாடுகள்

முதலாவது, மருந்தை அருகில் வைத்தல். மாசசூசெட்ஸ் மாகாணத்தின் பிரிட்ஜ்வாட்டர் பல்கலைக் கழகம், 2017இல் இம்மருந்தை யாவரும் எடுக்கத் தக்க பெட்டிகளில் வைத்தது. கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், அரசுக் கல்லூரிகளின் நலவிடுதிகளில் இதனை வழங்குமாறு பணிக்கிறது.

இரண்டாவது, கையாளக் கற்பித்தல். முறை எளிதே. முதலில் உரக்க அழைத்து, மார்பெலும்பின் மீது கைம்முட்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். விழிக்காவிடில் உடனே அவசர உதவிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஒரு மூக்குத் துளையில் மருந்தைப் பீச்சி, மூச்சு இல்லையேல் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊத வேண்டும். மூன்று நிமிஷத்திற்குள் பலன் தெரியாவிடில் மறு துளையில் இன்னொரு முறை பீச்சலாம். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணைக்கு இருக்க வேண்டும். மருந்தின் பலன் 30 முதல் 90 நிமிஷம் வரையே நிற்கும். நஞ்சு அதன் பின்னும் எஞ்சியிருக்கலாம். ஆகவே, எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே தீர வேண்டும்.

மூன்றாவது, அச்சத்தைப் போக்குதல். இதுவே மிக முக்கியம் எனலாம். அறையில் நண்பன் மயங்கிக் கிடக்கையில், போலீசுக்கும் கல்லூரித் தண்டனைக்கும் அஞ்சி, "தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று கதவைச் சாத்திவிட்டுச் செல்லும் தோழர்கள் உண்டு. விடியும்போது உயிர் இருப்பதில்லை. இதை உணர்ந்த கார்னெல் பல்கலைக் கழகம், மது அருந்தி மயங்கியவருக்காக உதவி கோருவோரைத் தண்டிப்பதில்லை என்ற விதியை 2002இல் வகுத்தது. 2007இல் நியூ மெக்சிகோ மாகாணம், போதைப் பொருளால் மயங்கியவருக்கு உதவி அழைப்பவரைக் காக்கும் சட்டம் இயற்றியது. பின்னர் மிகப் பல மாகாணங்கள் அதனைப் பின்பற்றின.

மருந்து கையில் இருந்தால் தீய பழக்கம் வளராதா என்று சிலர் வினவுவர். கேட்கத் தக்க வினாவே. ஆனால் மாண்டவன் திருந்துவதற்கு வழியில்லை. பிழைத்தவனுக்கே அவ்வாய்ப்பு உண்டு. உயிரைக் காத்தல் முதற் கடமை, அறிவுரை அதன் பிறகே.

நாம் கொள்ள வேண்டியது

ஓர் எச்சரிக்கையையும் இங்குக் கூற வேண்டும். நலாக்சோன் அபினி இனப் பொருள்களுக்கு மட்டுமே மாற்று. பூச்சி மருந்துக்கோ பாம்புக் கடிக்கோ இது பயன்படாது. அவற்றிற்கு ஆளானவரை வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல், 108க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதே முறை.

எனினும், அக்கல்லூரிகள் கேட்டுக் கொண்ட மூன்று வினாக்களை எந்த அபாயத்தைக் குறித்தும் ஒவ்வொரு பஞ்சாயத்தும் கேட்டுக் கொள்ளலாம். வேண்டிய பொருள் அருகில் உள்ளதா? அதைக் கையாளத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்? உதவிக்கு அழைக்க அஞ்சுவோர் எவரேனும் உளரா? இம்மூன்றுக்கும் ஆபத்து வருமுன்னரே விடை தேடி வைத்திருக்கும் ஊரில், தடுக்கக் கூடிய சாவுகள் குறையும் என்பது உறுதி.