ஆரைக்கீரையின் இருவகை உருவம்

தாவர நூலைப் பயிலத் தொடங்கும் மாணவர் பலருக்கு, ஒரு செடியின் உருவம் எவ்விடத்தும் ஒன்றே என்னும் எண்ணம் உளது. குளத்தில் மிதப்பதை ஓரினமென்றும் வரப்பில் நிற்பதை வேறினமென்றும் பெயரெழுதித் தாளில் ஒட்டிவிடுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாதென்பதற்கு நம் ஆரைக்கீரையே தக்க சான்று.

நான்கு சிற்றிலைகள் ஒரு காம்பின் நுனியில் சிலுவைபோல் அமைந்த இக்கீரையை நெல்வயலில் காணாதார் இலர். இது பூவாத இனம்; பெரணிக்கு உறவு. இளவிலை பெரணியிலைபோற் சுருண்டு தோன்றுவதால் இவ்வுறவினை எளிதில் உணரலாம். தண்டு சேற்றில் படர்ந்தோடும். கணுக்களில் வேர் கீழும் இலை மேலும் செல்லும்.

நீர் நிறைந்த காலத்தில் இலைக்காம்பு ஆழத்திற்கேற்ப நீள்கின்றது. சிற்றிலைகள் நீர்மட்டத்தை எட்டிப் பரந்து மிதக்கின்றன. தாங்கும் வேலையை நீரே செய்வதால் காம்பு மெலிந்து வளைந்திருக்கும். மூச்சுத் துளைகள் மேற்புறத்தில் மட்டுமே உள. நீரிற் படிந்த கீழ்ப்புறத்தில் அவை இருந்து யாது பயன்? சேற்றிற் புதைந்த தண்டிற்கும் வேருக்கும் காற்று வேண்டுமன்றோ? அதற்கெனப் புறணியில் காற்றறைகள் வட்டமாய் அமைந்துள்ளன. தண்டைக் குறுக்கே மெல்லியதாய்ச் சீவி உருப்பெருக்கியில் நோக்கின், அவற்றின் தடுப்புக்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலத் தோன்றும். கீரையின் பெயரும் ஆரையாய் இருப்பது ஒரு நயமே.

நீர் வற்றியதும் அதே தண்டு வேறுவகை இலைகளை விடுகின்றது. காம்பு குட்டையாகி நிமிர்ந்து நிற்கும், சிற்றிலைகள் சிறுக்கும், துளைகள் இருபுறத்தும் உண்டாம், இரவில் இலைகள் குவியும். தண்டின் உள்ளீட்டில் மெல்லிய செல்களுக்கு ஈடாகத் தடித்த சுவருடைய செல்கள் தோன்றும், காற்றறைகள் சுருங்கும். பழைய மிதவிலை இங்ஙனம் மாறுவதன்று. அது வாடியொழியப் புதிதாய்ப் பிறப்பதே இவ்வுருவத்தது. காம்பினடியில் அவரைவிதை போன்ற கடினமான ஸ்போர் உறைகள் உண்டாவதும் பெரும்பாலும் இக்காலத்திலேயே. உலர்ந்த அவ்வுறைகளில் உயிர் பல பத்தாண்டுகள் அழியாதிருக்கும்.

இம்மாறுதலுக்கு உள்ளிருந்து ஏவல் செய்வது யாது? அப்சிசிக் அமிலம் என்னும் வளர்ச்சிப் பொருளை நீரிற் சிறிது கலந்தால், மூழ்கியிருக்கும் ஆரையும் நிலத்திற்குரிய இலையை விடுகின்றது. வறட்சியில் செடிகளினுள் மிகுவதும் இப்பொருளே.

ஆயினும் எல்லாச் செடிகளும் இவ்வாறே என்று நாம் கொள்ளலாகாது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் டூரேசன், மணற்குன்று, கடற்பாறை முதலிய பல இடத்துச் செடிகளைக் கொணர்ந்து ஒரே தோட்டத்தில் வளர்த்தார். ஓரினத்தனவாயிருந்தும் பல செடிகள் தத்தம் பழைய உருவத்தையே காத்துநின்றன. அத்தகைய வகைகளுக்கு 1922-இல் அவர் ‘எக்கோடைப்’ என்று பெயரிட்டார். அங்கே வேற்றுமை மரபில் ஊறியது. ஆரையிலோ இடத்தால் வந்தது. கண்ணால் மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிதல் இயலாது.

ஆதலின் மாணவர் ஒரே தண்டை இரண்டாக நறுக்கி, ஒன்றை நீர்த்தொட்டியின் அடிமண்ணிலும் மற்றொன்றை ஈரமண் சட்டியிலும் நட்டு, புதிய இலைகள் தோன்றியபின் ஒப்பிட்டு நோக்குக. தாளில் ஒட்டும்போது செடியின் பெயரோடு, அது நின்ற நீரின் ஆழத்தையும் எடுத்த மாதத்தையும் எழுதுக.