தூக்கம் தப்பிய குழந்தையைத் தணிக்கும் வழி

கல்யாண மண்டபம், இரவு ஒன்பதரை மணி. மதியம் தூங்காத மூன்று வயதுப் பிள்ளை நாற்காலிகளுக்கு நடுவே ஓடுகிறது, கீச்சென்று சிரிக்கிறது, தடுக்கி விழுகிறது, எழுந்து மறுபடி ஓடுகிறது. "இன்னும் தெம்பா இருக்கான், ஆடட்டும், களைச்சா தானா தூங்கிடுவான்" என்பார்கள் பெரியவர்கள். அது தெம்பு இல்லை, களைப்பு எல்லை மீறிவிட்டது. தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. களைப்பில் அதன் பிடி மேலும் தளர்வதால், பிள்ளை நினைத்தாலும் நிற்க முடியாது. அதட்டிப் பயனில்லை.

ஜாங்கிரி தின்ற வேகம் என்று இனிப்பின்மேல் பழிபோடுவதும் சரியில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் வெளியான ஓர் அலசல், சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாகக் காட்டவில்லை. ஆட்டத்துக்குக் காரணம் கூட்டம், மேளம், விளக்கு, நேரங்கெட்ட நேரம்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். "வா, தூங்கலாம்" என்று கூப்பிட்டால் அங்கேயே சண்டை தொடங்கிவிடும். "வா, தண்ணி குடிச்சுட்டு வரலாம்" என்று தூக்கிக்கொண்டு ஆளில்லாத அறைக்குப் போங்கள். ஒருவர் மட்டும் போனால் போதும். பாட்டி, அத்தை, சித்தி என்று ஆள் மாறி ஆள் தூக்கினால் அடங்கவந்த பிள்ளையும் கிளம்பிவிடும்.

ஜரிகை குத்தும் பட்டுச்சட்டையையோ பாவாடையையோ கழற்றிப் பருத்தி உடுப்பு போடுங்கள். முகம், கை, கால்களை வெதுவெதுப்பான நீரில் கழுவி, சிறுநீர் கழிக்க வையுங்கள். விளையாட்டு மும்முரத்தில் சாப்பிட்டிருக்காது. நாலு வாய் தயிர்சாதம் ஊட்டலாம். காபி, கோலா வேண்டாம்.

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். படுக்கும் நேரத்தில் பளிச்சென்ற வெளிச்சம் பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சிறுபிள்ளைகளுக்கு வெகுவாகக் குறைந்துவிடும். கைபேசியும் வேண்டாம். கார்ட்டூன் போட்டால் அசையாமல் உட்காரும், உண்மைதான். ஆனால் பிடுங்கும்போது அழுகை இரட்டிப்பாகும்.

இனி உங்கள் உடம்புதான் வேலை செய்ய வேண்டும். மடியிலோ தோளிலோ சாய்த்து முதுகில் தட்டுங்கள். எடுத்த எடுப்பில் மெதுவாகத் தட்டினால் அந்தப் பரபரப்போடு அது பொருந்தாது. பிள்ளையின் வேகத்துக்கு நெருக்கமாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறையுங்கள். மூச்சை நீளமாக விடுங்கள். மார்பில் சாய்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியும். பேச்சைக் குறையுங்கள். தினமும் வீட்டில் பாடும் அதே தாலாட்டைத் தாழ்ந்த குரலில் பாடுங்கள், புதுப்பாட்டு வேண்டாம். தொட்டால் திமிறும் பிள்ளையானால் கையெட்டும் தூரத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஓர் அழுகை வெடிக்கும். பயப்படாதீர்கள், அழவிடுங்கள். "ஆமாண்டா கண்ணு, ரொம்ப அலுப்பா இருக்கு" என்று ஒரு வார்த்தை போதும். பூச்சாண்டி வருவான் என்று மிரட்டினால், தளரத் தொடங்கிய உடம்பு திரும்ப விறைத்துக்கொள்ளும். உங்களுக்கே பொறுமை தீர்கிறதென்றால் பிள்ளையைப் பத்திரமாக இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். எவ்வளவு கோபம் வந்தாலும் பிள்ளையைப் பிடித்து உலுக்கக் கூடாது, மூளையில் காயம் படும்.

தூங்கட்டும் என்று சளி மருந்தோ இருமல் மருந்தோ ஊற்றவே கூடாது. காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு அழுவது, வாந்தி, எதற்கும் நிற்காத அழுகை என்றால் அது அலுப்பாக இருக்காது, மருத்துவரிடம் போங்கள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில், பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 1 முதல் 2 வயதுக்கு 11–14 மணி நேரமும், 3 முதல் 4 வயதுக்கு 10–13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். அதனால் மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் தூங்க வைத்து, இரவில் வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே படுக்க வையுங்கள். சொந்தக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால், அந்த ஒரு நாள் வரமுடியாது என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.