தானே செல்லும் கடிதமும் காரியதரிசியின் ஒப்புதலும்

பண்டிகை நெருங்கும்பொழுது சங்கத்தின் விற்பனைப் பகுதியில் எழுத்து வேலை பெருகுவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். முன்பு அஞ்சலட்டையில் எழுதியனுப்பியவற்றை இப்பொழுது குறுஞ்செய்தியாகவும், வாட்ஸ்அப் செய்தியாகவும், மின்னஞ்சலாகவும் அனுப்புகிறோம். பெயர்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றி நாளும் நேரமும் குறித்துவிட்டால் அது தானே அனுப்பிவிடுகிறது. அண்மையில் வந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ வாசகத்தையும் தாமே எழுதி, வாடிக்கையாளரின் கேள்விகளுக்கு விடையும் கூறுகின்றன. இவற்றுள் எதனைத் தானாகச் செல்ல விடலாம், எதனைக் காரியதரிசி பார்த்து ஒப்பிய பின்னரே அனுப்ப வேண்டும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பத்துப் பேருக்கானால் மனிதர் எழுதட்டும், ஆயிரம் பேருக்கானால் இயந்திரம் அனுப்பட்டும் என்று எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்வோர் உளர். அது பொருந்தாது. கடிதம் கூறும் பொருளைக் கொண்டே பிரித்தல் வேண்டும். ‘தங்கள் பணம் வந்து சேர்ந்தது’, ‘பார்சல் இன்று அனுப்பப்பட்டது’ என்பன நடந்து முடிந்த செய்திகள். பேரேட்டில் பதிவு ஏறியவுடன் அவை தாமே செல்லலாம். (பார்சல் கட்டுமுன்னரே பதிவு செய்துவிடும் பழக்கம் உள்ள இடங்களில் முதலில் அப்பழக்கத்தைத் திருத்திக்கொள்க.) விலை, தள்ளுபடி, கையிருப்பு, அனுப்பும் நாள் ஆகியவற்றைக் கூறும் கடிதமோ வாக்குறுதியாகும். அதற்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிடுதல் அவசியம்.

நம் தொழிலில் இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது. பட்டு நெசவில் ஒரு பாவில் சில சேலைகளே இறங்கும். மறுமுறை சாயம் ஏற்றும்பொழுது நிறம் அப்படியே அமைவதும் அரிது. மாம்பழ நிறத்தில் அரக்குக் கரையிட்ட சேலைகள் ஒரே வாரத்தில் இரண்டு விற்றன என்று வைத்துக்கொள்வோம். கணக்கை மட்டும் காணும் இயந்திரம், இது நன்கு விலைபோகும் சரக்கு என்று முடிவு செய்து, அதன் படத்தை எண்ணூறு பேருக்கு அனுப்பிவிடும். அலமாரியில் எஞ்சியிருப்பது ஒன்றே! பிறகு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமென்று சாயப்பட்டறையையும் நெசவாளரையும் விரட்டுவார்கள். நிறம் மாறி நெய்த சேலைகள் திரும்பி வந்தால், அந்நஷ்டமும் நெசவாளர் தலையிலேயே விழும். மஞ்சள் பயிரிடுவோர் நிலையும் இதுவே. விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு மற்றொரு விலை. ஏலத்திற்கு ஏலம் இரண்டும் மாறும். நேற்றைய விரலி விலையை இன்று காலை ஊரெங்கும் அறிவித்த செய்தியைத் திரும்பப் பெறுதல் எங்ஙனம்?

இயந்திரம் கூறியதற்கு நாம் பொறுப்பாளியல்லோம் என்று சொல்லித் தப்பவும் இயலாது. 2022ஆம் ஆண்டு நவம்பரில், பாட்டியை இழந்த ஒரு பயணி, ஏர் கனடா விமான நிறுவனத்தின் வலைத்தளத்தில் விடை கூறும் தானியங்கியை வினவினார். துக்கப் பயணத்திற்குரிய கட்டணச் சலுகையைப் பயணச்சீட்டு வாங்கிய பின்னரும் கோரலாம் என்று அது கூறிற்று. நிறுவனத்தின் விதியோ அதற்கு மாறானது. தானியங்கியின் சொல்லுக்குத் தான் பொறுப்பல்லவென்று நிறுவனம் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதனை மறுத்து, சுமார் 812 கனடா டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது. தொகை சிறிது; ஆயினும் எந்த நிர்வாகக் குழுவும் படித்தறிய வேண்டிய தீர்ப்பு இது.

ஒப்புதல் என்ற பெயரில் நடப்பது ஒப்புதலாக இருத்தலும் வேண்டும். இருநூறு செய்திகளை ஒரே மாலையில் காரியதரிசியின் முன் வைத்தால், பத்தாவதற்குப் பின் அவர் படியாமலே பொத்தானை அழுத்துவார். அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. வாசகத்தை ஒரு முறை, பட்டியலை ஒரு முறை, விலையையும் இருப்பையும் அனுப்பும் நாளன்று ஒரு முறை பார்த்தால் போதும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தியின் வாசக அமைப்பை முன்னதாகவே பதிவு செய்தாக வேண்டும். பின்னர் மாறுவன அதிலுள்ள வெற்றிடங்களே. அவ்விடங்களில் நாம் நிரப்பும் விலை மெய்தானா என்று வெளியார் எவரும் சரிபார்ப்பதில்லை. காரியதரிசியின் கண் அங்கேயே பதிய வேண்டும்.

நூல் கணக்கு, வங்கி வேலை, கூட்டக் குறிப்பு அனைத்தையும் பார்க்கும் ஒரே காரியதரிசி இதனையும் பார்ப்பதானால் பண்டிகையே கடந்துவிடுமே என்பது நியாயமான ஆட்சேபம். அவர் இல்லாத நாளில் ஒப்புதல் தரும் அதிகாரத்தைக் குழு உறுப்பினர் ஒருவருக்குத் தீர்மானத்தின் மூலம் அளிக்கலாம். குறித்த நேரத்திற்குள் இருவரும் ஒப்பாவிடில் கடிதம் நிற்க வேண்டுமேயன்றிச் செல்லலாகாது. அதனால் சில விற்பனைகள் தவறும், அந்நஷ்டம் தாங்கக்கூடியதே.

சாயம் போயிற்று, எடை குறைந்தது என்னும் முறையீடுகளுக்கு, ‘கடிதம் கிடைத்தது’ என்பதற்கு மேல் இயந்திரம் ஒரு சொல்லும் கூறலாகாது. ஆனால், ‘எனக்கு இனி அனுப்ப வேண்டா’ என்று ஒருவர் எழுதினால், அவர் பெயரை நீக்குவதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. அது அக்கணமே தானாக நடைபெற வேண்டும்.

படிப்பு வட்டத்திற்குரிய பயிற்சி: சென்ற பண்டிகைக் காலத்தில் தங்கள் சங்கம் அனுப்பிய செய்திகளுள் இருபதை எடுத்துக்கொள்க. அவற்றுள் வாக்குறுதிகள் எவை? ஒவ்வொன்றும் சென்ற வேளையில், அலமாரியில் எத்தனை உருப்படி இருந்ததென அறிந்தவர் யார்? அவரைக் கேட்டார்களா?