ஐபோனில் ஆண்ட்ராய்டு ஓடுமா?



ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கிளம்பும் கேள்விகளில் இதுவும் ஒன்று. "ஏன்டா, ரெண்டு போன்லயும் ஆர்ம் பிராசஸர்தானே? அப்புறம் ஐபோன்ல ஆண்ட்ராய்டு போட்டா ஏன் ஓடாது?" கேட்ட நண்பன் சும்மா கேட்கவில்லை. செகண்ட் ஹேண்டில் ஐபோன் 7 வாங்கியிருந்தான். அது ஐஓஎஸ் 15-உடன் நின்றுபோன மாடல். புதிய ஆப்கள் ஒவ்வொன்றாக "முடியாது" என்று சொல்ல ஆரம்பித்திருந்தன.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் லாரிப் பட்டறையே போதும். நாமக்கல்லில் பாடி கட்டும் இடத்தில் போய், ஒரு கம்பெனி சேஸிஸில் இன்னொரு கம்பெனி என்ஜினை வைக்கலாமா என்று கேளுங்கள். "வைக்கலாம் தம்பி, ஆனா மவுண்டிங் மாத்தணும், கியர்பாக்ஸ் சேரணும், ஒயரிங் புதுசா இழுக்கணும்" என்பார்கள். போனிலும் அப்படித்தான். பிராசஸர் ஒத்துப்போனாலும் டச், கேமரா, மோடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரைவர் வேண்டும். கம்ப்யூட்டரில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று பயாஸ் சொல்லிவிடும். போனில் அப்படிச் சொல்ல ஆளில்லை. அந்த மாடலுக்கென்றே 'டிவைஸ் ட்ரீ' என்ற பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டும்.

கஷ்டமான வேலைதான், ஆனால் முடியாத வேலை அல்ல. 2009-இல் விண்டோஸ் மொபைல் 6.5-உடன் வந்த எச்டிசி எச்டி2 போனில் ஆர்வலர்கள் ஆண்ட்ராய்டையே ஓட்டிக் காட்டினார்கள்.

அப்படியானால் ஐபோனில் தடை எது? சாவிதான். போன் ஆன் ஆனதும் முதலில் ஓடுவது பூட் ரோம். சிப் தயாராகும்போதே உள்ளே பதியப்பட்டது. பிறகு ஆப்பிளே நினைத்தாலும் மாற்ற முடியாது. அடுத்து ஏறவேண்டிய பூட்லோடரில் ஆப்பிளின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று அது பார்க்கும். பூட்லோடர் அதேபோல கெர்னலைப் பார்க்கும். கையெழுத்து இல்லாத எதுவும் இந்த வரிசையில் நுழைய முடியாது.

பிராசஸர் காரணமல்ல என்பதற்கு ஆப்பிளே சாட்சி. 2020-இல் மேக் கம்ப்யூட்டரில் வந்த எம்1 சிப், 2021-இல் ஐபேட் ப்ரோவிலும் வந்தது. மேக்கில் பூட்டைத் திறக்க உரிமையாளருக்கு ஆப்பிள் வழி விட்டதால், அதில் அசாஹி என்ற லினக்ஸ் ஓடுகிறது. ஐபேடில் அந்த வழி இல்லை. ஒரே சிப்தான், பாருங்கள்!

2019 செப்டம்பரில் இந்தப் பூட்டில் ஒரு ஓட்டை வெளிவந்தது. 'செக்எம்8' என்று பெயர். ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை பூட் ரோமிலேயே பிழை. எனவே அப்டேட் கொடுத்துச் சரிசெய்ய முடியாது. அதன் வழியாக 2020 மார்ச்சில் கொரிலியம் என்ற நிறுவனம் 'சாண்ட்கேஸில்' என்ற திட்டத்தில் ஐபோன் 7-இல் ஆண்ட்ராய்டு 10-ஐ ஏற்றியது. ஆமாம், நம் நண்பனின் அதே மாடல்! துள்ளிக் குதித்தான். ஆனால் கேமரா வேலை செய்யாது, சிம் வேலை செய்யாது, ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஐஓஎஸ் வந்துவிடும் என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டான்.

ஆண்ட்ராய்டு போன்களில் பல கம்பெனிகள் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஜேண்ட்கே ஆபரேஷன்ஸ் நிறுவனம் 2023 ஜனவரியில் 'பாரோஸ்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை அறிவிக்க முடிந்தது, திறக்கக்கூடிய போன்கள் இருப்பதால்தான். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல்தான் அதற்கும் அடிப்படை.

சிப்பில் மட்டும் பூட்டு இருப்பதாக நினைக்காதீர்கள், ஒப்பந்தத்திலும் இருந்தது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால், மாற்றியமைத்த ஆண்ட்ராய்டு போன்களை விற்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களிடம் கூகுள் கையெழுத்து வாங்கியது. இது உள்பட பல காரணங்களுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

சரி, நாம் செய்து பார்க்கலாமா? என் அறைத்தோழன் ஒருவன் பார்த்தான். அவன் போனுக்குப் பக்கத்து மாடலின் ரோமை ஏற்றிவிட்டான். அதோடு லோகோகூட வரவில்லை. "போர்டு மாத்தணும்" என்றார் கடைக்காரர். அப்பா பருத்தி விற்று வாங்கித் தந்த போன். அந்த மாதம் ஊருக்கே போகாமல் ஹாஸ்டலில் இருந்தான்.

பின்பக்க மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். பூட்லோடர் திறந்தாலே உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். போட்டோ, நோட்ஸ் எல்லாவற்றையும் முதலில் காப்பி எடுங்கள். திறந்த போனில் பல வங்கி ஆப்கள் ஓட மறுக்கும், வீட்டிலிருந்து பணம் வருவது அதில்தான் என்றால் கை வைக்காதீர்கள். சாம்சங் போன்களில் நாக்ஸ் என்று ஒரு மின் ஃப்யூஸ் உண்டு. வேறு சாப்ட்வேர் ஏறினால் எரிந்துவிடும், திரும்ப மாற்ற முடியாது.

ஐபோன் 7 இப்போது எங்கள் அறையில் அலாரம் அடிக்கிறது. காலை ஐந்தரைக்கு.