குலுக்கலும் இல்லை, தரவரிசையும் இல்லை

2024-ஆம் ஆண்டுக் கோடைக்காக கோல்ட்மேன் சாக்ஸுக்கு வந்த இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்கள் 3.15 லட்சத்துக்கும் மேல். எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்து எடுத்தது சுமார் 2,600 பேரை. நூற்றுக்கு ஒருவர்கூட நுழைய முடியாத இப்படியொரு வாசலைக் கடந்து, நியூயார்க்கிலோ லண்டனிலோ ஒரு முதலீட்டு வங்கியில் பத்து வாரம் வேலை பார்க்கப் போகும் மாணவருக்கு அடுத்த கேள்வி காத்திருக்கிறது: எந்தக் குழு? தொழில்நுட்பம், மருத்துவம், எரிசக்தி, வங்கி–காப்பீடு என்று தொழில்வாரியாகச் சில குழுக்கள் உண்டு. கம்பெனிகளை இணைப்பது, கடன் திரட்டிக் கொடுப்பது, பங்கு வெளியிட்டுக் கொடுப்பது என்று பணிவாரியாக வேறு சில. கோடை முடிவில் முழுநேர வேலைக்கான அழைப்பு பெரும்பாலும் வேலை பார்த்த குழுவிலிருந்தே வரும் என்பதால் கேள்வி சின்னதல்ல. இதற்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. மனிதவளத் துறை கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிறது என்பது ஒன்று. கெட்டிக்காரர்களை வரிசையாக நிறுத்தி, முதல் ஆளுக்கு முதல் குழு என்று கொடுக்கிறார்கள் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். யாரோ ஒருவர் மேலே உட்கார்ந்து ஒதுக்குகிறார் என்று இரண்டுமே நம்புகின்றன.

உண்மையில் நடப்பது சம்பந்தம் பேசுவதைப் போன்றது. இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். மாணவர் தமக்குப் பிடித்த குழுக்களை வரிசைப்படுத்தி எழுதித் தருகிறார். அதற்கு முன்போ பின்போ, தொலைபேசியிலும் அறிமுகக் கூட்டங்களிலும் குழுக்காரர்கள் அவரிடம் பேசிப் பார்க்கிறார்கள். பிறகு குழுக்களும் தங்களுக்கு வேண்டிய பெயர்களைச் சொல்கின்றன. இரண்டு பட்டியலையும் வைத்துக்கொண்டு மனிதவளத் துறை முடிச்சுப் போடுகிறது. வங்கிக்கு வங்கி இது மாறும். சில இடங்களில் நேர்காணலே குறிப்பிட்ட குழுவுக்காக நடக்கிறது. சில வங்கிகள் யாரையும் எந்தக் குழுவிலும் சேர்க்காமல் பொதுவில் வைத்து, வேலை வர வர அனுப்புகின்றன. அலுவலகம் எந்த ஊரில் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுவதும் உண்டு: ஹூஸ்டனுக்குப் போகிறவருக்கு எண்ணெய், எரிவாயுதான் பிரதானம். கல்லூரி மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்கும்போதே தன் வேலையை முடித்துவிடுகிறது. குழு பிரிக்கும் கட்டத்தில் அதன் எடை குறைவு. எந்தக் குழுவில் எத்தனை இடம் என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது. 2021-ல் உலகெங்கும் நடந்த நிறுவன இணைப்புகள், கைமாற்றங்களின் மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது; 2023-ல் அது 3 லட்சம் கோடிக்கும் கீழே போனது. இப்படிப்பட்ட ஆண்டில் விரும்பிய குழு கிடைக்காத மாணவர் தன் திறமையைச் சந்தேகிப்பது வீண்.

‘பட்டியலில் மனதில் உள்ளதை அப்படியே எழுதினால் போதும், முறை பார்த்துக்கொள்ளும்’ என்பதுதான் எல்லாவற்றிலும் அதிகம் கெடுதல் செய்யும் நம்பிக்கை. அது உண்மையாக இருக்கும் முறைகள் உண்டு. அமெரிக்காவில் மருத்துவம் முடித்தவர்களை மருத்துவமனைகளில் பயிற்சிக்குச் சேர்க்கும் தேசியப் பொருத்தமுறை 1952-லிருந்து நடக்கிறது. பொருளியலாளர் ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் திருத்தி அமைத்தபடி 1998 முதல் இயங்கும் அதன் கணக்கீட்டில், கைக்கெட்டாத இடத்தை முதலில் எழுதியதால் இரண்டாவதாக எழுதிய இடம் பறிபோகாது. ஆனால் எல்லா முறையும் அப்படியல்ல. 1960-களில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பர்மிங்ஹாமிலும் இளம் மருத்துவர்களைப் பணியிடங்களில் சேர்க்க வேறு கணக்குகள் வந்தன. நியூகாசிலில், மருத்துவர் அந்த இடத்தை எத்தனையாவதாக எழுதினார், அந்த இடம் அவரை எத்தனையாவதாக எழுதியது என்ற இரண்டு எண்களையும் பெருக்குவார்கள். விடை சிறியதாக உள்ள ஜோடிக்கு முன்னுரிமை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. ஒருவரையொருவர் முதலாவதாக எழுதினால் ஒன்று பெருக்கல் ஒன்று, அதை மிஞ்ச எதுவும் இல்லை. எனவே இரு தரப்பும் முன்கூட்டியே ரகசியமாகப் பேசி முடித்துக்கொண்டு, பட்டியலில் ஒரே ஒரு பெயரை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பட்டியல் சடங்காகிப் போனது. கடைசியில் இரண்டு ஊர்களும் அந்த முறைகளைக் கைவிட்டன. எந்த இருவருக்கும் தனியே பேசி மாறிக்கொள்ளக் காரணம் இல்லாத, உறுதியான பொருத்தம் தந்த எடின்பரோவின் முறையும் கார்டிஃபின் முறையும் நிலைத்தன. இந்த ஒப்பீட்டை ராத் 1991-ல் எழுதினார். 2012-ல் லாயிட் ஷேப்லியுடன் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது இந்தத் துறையில் செய்த பணிக்காகத்தான்.

வங்கிகளின் வழக்கம் நியூகாசிலுக்கு நெருங்கிய உறவு. குழுவில் உள்ளவர் பேச்சோடு பேச்சாக, ‘எங்களை எத்தனையாவதாகப் போடப் போகிறாய்?’ என்று கேட்பார். அவருக்கும் அதில் காரணம் உண்டு: வர விருப்பமில்லாத ஆளுக்கு ஓர் இடத்தை வீணாக்க அவர் விரும்பமாட்டார். அமெரிக்க மருத்துவப் பொருத்தமுறையிலோ இந்தக் கேள்வியைக் கேட்பதே விதிமீறல். ஆக, வங்கியில் பட்டியல் ஒரு விண்ணப்பம் மட்டுமல்ல, ஒரு சமிக்ஞையும்கூட. முன்னதாகப் பேசி வைக்காமல் பெயர்பெற்ற மூன்று குழுக்களை வரிசையாக எழுதும் மாணவர், எந்தக் குழுவின் பட்டியலிலும் இல்லாமல், இடம் மிஞ்சிய குழுவில் போய் விழுகிறார். அவருக்கு அது குலுக்கலாகத் தெரிகிறது. பேசி வைத்துக் கேட்டதைப் பெற்றவருக்கோ திறமைக்குக் கிடைத்த பரிசாகத் தெரிகிறது. இரண்டு நம்பிக்கைகளும் இப்படித்தான் பிறந்து வளர்கின்றன.

‘இதெல்லாம் சுற்றி வளைத்த பேச்சு, செல்வாக்கு உள்ளவனுக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்’ என்பார்கள். ஆதாரம் இல்லாத பேச்சு அல்ல இது. ஆசியாவில் அரசு அதிகாரிகளும் வாடிக்கையாளர்களும் சிபாரிசு செய்த உறவினர்களை வேலைக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் எடுத்ததற்காக ஜே.பி. மார்கன் 2016-ல் அமெரிக்க அரசுக்குச் சுமார் 26.4 கோடி டாலர் கட்டியது. வளைகுடா நாட்டு அரசு நிதி அதிகாரிகளின் உறவினர்களுக்கு இன்டர்ன்ஷிப் கொடுத்த வழக்கில் பி.என்.ஒய். மெலன் அதற்கு முந்தைய ஆண்டு 1.48 கோடி டாலர் கட்டியது. ஆனால் அவை பொதுவாசலில் வராமல் தனிவாசலில் வந்தவர்களின் கதை. பொதுவாசலில் வருகிறவர்களிடையே நடப்பதைச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா 2015-ல் வெளியிட்ட ‘பெடிக்ரீ’ நூல் காட்டுகிறது. வங்கிகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்களில் ஆளெடுப்பவர்கள் தங்களைப் போலவே பொழுதுபோக்கும் பேச்சும் உள்ளவர்களை ‘பொருத்தமானவர்’ என்று கருதியதை அவர் பதிவு செய்திருக்கிறார். ஆளெடுப்பில் கண்ட அந்தச் சாய்வு, அரைமணி நேர அரட்டையை வைத்து ஆள் கேட்கும் குழுப் பிரிப்பில் மட்டும் இருக்காது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. இங்கே வேலை செய்யும் செல்வாக்கு சிபாரிசுக் கடிதமல்ல. எப்போது யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லித் தர ஒரு சீனியர் இருப்பதுதான். ஆளெடுப்பு இப்போது கோடைக்கு ஓராண்டுக்கும் முன்னதாகவே தொடங்கிவிடுவதால், அந்தச் சீனியர் இல்லாதவர் விவரம் தெரிவதற்குள் ஆட்டம் பாதி முடிந்திருக்கும்.

மருத்துவத்தில் உள்ளது போன்ற பொருத்தமுறைக்கு மாறாததற்கு வங்கிகளின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நள்ளிரவு தாண்டியும் சேர்ந்து வேலை பார்க்க வேண்டிய இடத்தில் ஒட்டுதல் முக்கியம், அதைக் கணினியிடம் விட முடியாது என்பது அவர்கள் வாதம். சரிதான். ஆனால் பொருத்தமுறை யாருடைய விருப்பத்தையும் கணினிக்குத் தாரைவார்க்கவில்லை. மருத்துவமனை யாரை வேண்டுமானாலும் முதலாவதாக எழுதலாம், யாரை வேண்டுமானாலும் விட்டுவிடலாம். எழுதிய விருப்பங்கள் எந்த விதிப்படி இணைக்கப்படும் என்பது முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான். பாஸ்டன் நகரப் பள்ளிகளில் முதல் விருப்பத்துக்கே முன்னுரிமை தந்த பழைய முறை, விவரம் தெரிந்த பெற்றோருக்குச் சாதகமாகவும் உள்ளதை உள்ளபடி எழுதியவர்களுக்குப் பாதகமாகவும் இருக்கிறது என்று காட்டப்பட்டதும், 2005-ல் அதை மாற்ற முடிவெடுத்தார்கள். நகராட்சிப் பள்ளிகளுக்கு முடிந்தது உலகின் மிகப் பெரிய வங்கிகளுக்கு முடியாது என்பதை ஏற்க முடியவில்லை.

வங்கிகள் மாறும்வரை, வாய்ப்புக் கடிதம் கையில் உள்ள மாணவர்கள் பட்டியலை நிரப்பும் முன் ஆளெடுப்புப் பிரிவிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: என் வரிசையைக் குழுக்கள் பார்க்குமா, குழுக்களும் பெயர் தருமா, இடங்களின் எண்ணிக்கை எப்போது முடிவாகும். பிறகு உண்மையிலேயே வேண்டிய குழுவுடன் பேசுங்கள். ‘நீங்கள்தான் முதல்’ என்ற சொல்லை ஒரே ஒரு குழுவிடம் சொல்லுங்கள். வெவ்வேறு குழுக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள்.