எண்ணெய் எவ்வளவு கெட்டி? சிமுலேஷன் பழகும் தங்கைக்கு

ஹைசிஸ் சிமுலேட்டரில் கச்சா எண்ணெயின் அஸே விவரங்களைப் போட்டு ரன் செய்தால், விஸ்காசிட்டிக்கு நேரே ஓர் எண் வந்து நிற்கும். பள்ளியில் பாகுநிலை என்று படித்தோமே, அதுதான். அடர்த்தியை நம்புகிற மாதிரி இதை நம்பிவிடாதே, கண்ணு. அடர்த்தி கொஞ்சம்தான் பிசகும். இது இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூடப் பிசகும்.

அதனால் முதல் வேலை, லேபில் அளந்த எண்ணைக் கேட்டு வாங்குவது. ஒரு வெப்பநிலையில் போதாது, இரண்டில் வேண்டும். 40, 100 டிகிரி செல்சியஸ் வழக்கமானவை. சூடேறும்போது எவ்வளவு வேகமாக இளகுகிறது என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். இரண்டு புள்ளி கையில் இருந்தால் ஏ.எஸ்.டி.எம். டி341 முறையைப் பிடித்துக்கொள். சென்டிஸ்டோக் அலகில் உள்ள விஸ்காசிட்டி எண்ணோடு 0.7 கூட்டி இரண்டு முறை லாக் எடு; கெல்வின் வெப்பநிலைக்கு ஒரு முறை லாக் எடு. வரைந்தால் நேர்கோடு வரும். ஓர் எண்ணெய் 40 டிகிரியில் 100, 100 டிகிரியில் 11 சென்டிஸ்டோக் என்று வை. 60 டிகிரியில் எவ்வளவு? லாக் எடுக்காமல் கோடு இழுத்தால் 70 வரும். இந்த முறையில் 40தான் வரும், அதுதான் நிஜத்துக்குப் பக்கம்.

கலவையில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சராசரி எடுத்தேன். சீனியர் ஒருவர் பார்த்துத் திருத்தியதால் தவறான பம்ப்புக்கு ஆர்டர் போகாமல் தப்பியது. 500 சென்டிஸ்டோக் எண்ணெயும் 5 சென்டிஸ்டோக் எண்ணெயும் எடையில் சரிபாதி கலந்தால், சராசரி 252 என்று சொல்லும். ரெஃபுடாஸ் என்ற கலப்பு முறையில் போட்டால் 26தான். மெல்லியது கொஞ்சம் சேர்ந்தாலே கெட்டியானது சட்டென்று இளகிவிடும். சாஃப்ட்வேரில் எந்தக் கலப்பு விதி தேர்வாகியிருக்கிறது என்று திறந்து பார்.

லேப் எண்ணே இல்லையா? அப்போது கோரிலேஷன்தான். 1975-ல் வந்த பெக்ஸ்-ராபின்சன், வாயு நீங்கிய எண்ணெய்க்கு ஏ.பி.ஐ. கிராவிட்டியையும் வெப்பநிலையையும் மட்டுமே கேட்கும். ஒரே ஏ.பி.ஐ. உள்ள பாரஃபினிக் எண்ணெய்க்கும் நாஃப்தெனிக் எண்ணெய்க்கும் விஸ்காசிட்டி வேறு வேறு என்பது அதற்குத் தெரியாது. அதன் தரவு 21 டிகிரிக்குக் கீழே போகவில்லை, நீயும் போகாதே.

மெழுகு எண்ணெய் என்றால் இன்னும் கவனம். ராஜஸ்தான் பார்மரில் கிடைக்கும் மங்களா எண்ணெய் சாதாரண வெப்பநிலையிலேயே உறையும். அதனால்தான் குஜராத் வரை குழாயைச் சூடாக்கியே கொண்டுபோகிறார்கள். மெழுகு படியத் தொடங்கிய பிறகு ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்தே விஸ்காசிட்டி மாறும். டி341 கோடு அங்கே செல்லாது. தண்ணீர் கலந்து எமல்ஷன் ஆகியிருந்தாலும் சிமுலேட்டர் காட்டுவதைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கலாம்.

யூனிட்டையும் பார்த்துக்கொள்: சென்டிஸ்டோக்கை அடர்த்தியால், அதாவது ஒரு சி.சி.க்கு எத்தனை கிராமோ அதனால், பெருக்கினால்தான் சென்டிபாய்ஸ்.

எல்லா லைனுக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ரெனால்ட்ஸ் எண்ணைப் பார். கொந்தளித்து ஓடும் லைனில் விஸ்காசிட்டி இரட்டித்தாலும் அழுத்த இழப்பு 20 சதவீதம் அளவே கூடும். 2000-க்குக் கீழே இருந்தால் அப்படியே இரட்டிக்கும். அந்த லைன்களுக்கு, ஆலை நின்று எண்ணெய் ஆறிப்போன பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்யும் வெப்பநிலையில் ஒரு தனி கேஸ் ஓட்டிவிட்டு, அதற்கப்புறம் பம்ப் மோட்டார் சைஸைக் கொடு.